இலையில் ஒட்டாத வாழ்த்து

குஞ்சித்தம்பி அண்ணையின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதிக் கொடுத்தவன் நான்தான். நாலு வரி. எதுகை மோனை எல்லாம் அந்தந்த இடத்தில் விழுந்திருந்தது என்று அன்றைக்கு எனக்குப் பெரிய எடுப்பு. இப்போது அதை நினைத்தால் வாய்க்குள் புளிப்புத் தண்ணீர் ஊறுகிறது. அந்த நாலு வரியில் அவரைப் பற்றி உண்மையாக ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அருவருப்பு அதிகம். தபால்கந்தோரில் முப்பது வருடம் இருந்தேன். முத்திரையை நாக்கில் தொட்டு ஒட்டுகிறவர்களைக் கண்டால் அந்தக் கடிதத்தை நுனிவிரலால்தான் எடுப்பேன். மீன் சந்தைப் பக்கம் போகிற வேலையை மனைவிக்குக் கொடுத்துவிட்டேன். "நீங்கள் மனிசனாப் பிறந்ததே பிழை" என்று அவள் சொல்லுவாள். எனக்கு அறுபத்தெட்டு வயது. இனித் திருந்துகிற எண்ணமும் இல்லை.

அண்ணை எனக்கு நேர் எதிர். கட்டைபறிச்சானில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் மூதூர் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்து எங்கள் ஊருக்கு வந்து, ஆஸ்பத்திரியில் தொழிலாளியாகச் சேர்ந்தார். மற்றவன் தொட மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கிற எல்லாம் அவருடைய கைக்குத்தான் வரும். பீ, மூத்திரம், சீழ், செத்த உடம்பு. கடல் பொங்கி வந்த வருடம் அவர் கழுவித் துடைத்த உடல்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. அதைப் பற்றிக் கதைக்கவும் மாட்டார். ஒருநாள் நான் கேட்டேன், எப்படி அண்ணை உங்களால் ஏலுமாக இருந்தது என்று.

"நாத்தம் ஒருநாளும் ஆளைக் கொண்டதில்லை, தம்பி" என்றார்.

ஓய்வூதியம் எடுத்து லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். மனைவி சீதேவி செத்து ஆறு வருடம் ஆகிறது. முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு மகள் கஜந்தி அவரைத் தன் வீட்டு முன்னறையில் ஒரு கதிரையில் இருத்தி, எதிரே பெரிய ரீவி ஒன்றை வைத்தாள். ரீவி கனடாவில் இருக்கிற மகன் சசியின் உபயம். அண்ணை எட்டு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் பழைய சைக்கிளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். "இருந்தா இடுப்புப் பிடிக்குது பிள்ளை. ஓடினா முழங்கால் மட்டும்தான் கதைக்குது. அது கதைச்சா நான் கேக்கிறனோ?" என்று மகளிடம் சொன்னாராம்.

எனக்கு அப்போது சீனி வருத்தம் தொடங்கியிருந்தது. நடக்கச் சொல்லி டொக்டர் உத்தரவு. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் விடிய ஐந்தே காலுக்குச் சைக்கிளில் கோட்டைப் பக்கம் போகத் தொடங்கினோம். அவர் நடப்பார். நான் சைக்கிள் கரியரில் ஒரு மடக்குக் கதிரை கட்டிக்கொண்டு போவேன். மரத்தின் கீழே அதை விரித்து இருந்து, அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோட்டை வாசலைச் சுற்றி மான்கள் திரிவது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். புள்ளி மான். மாடு போல றோட்டைக் கடக்கும், பஸ்ராண்ட் வரைக்கும் போகும், ஆட்களின் கையில் இருந்து வாழைப்பழம் வாங்கித் தின்னும். வெளியூர்ச் சனம் அதோடு நின்று படம் எடுக்கும். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒருநாள் காலையில் அதில் ஒன்று கடற்கரையோர மரத்தடியில் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. மிருக வைத்தியர் வந்து வயிற்றை வெட்டினார். உள்ளே இருந்து தேங்காய் அளவில் ஒரு பந்து வந்தது. பச்சையும் கறுப்புமாகச் சளி வடிகிற பந்து. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு இரவு தின்ற இடியப்பம் முழுக்கச் சத்தி எடுத்தேன்.

அண்ணை அந்தப் பந்தைக் கையில் எடுத்தார். குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார். பிறகு குந்தி இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவ்வளவும் லஞ்ச் சீற், சோற்றுப் பார்சல் சுற்றுகிற அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள். மொத்தம் பதினொன்று. கறியும் உப்பும் மணக்கிறபடியால் மான் அதையும் சோறு என்று நினைத்துத் தின்றுவிடுகிறது என்று வைத்தியர் சொன்னார்.

"பதினொரு பேர் ஆறுதலா இருந்து சாப்பிட்டிருக்கினம்" என்றார் அண்ணை.

அடுத்த நாள் அவர் வரும்போது கையில் ஒரு குடைக் கம்பி இருந்தது. நுனியைக் கல்லில் தீட்டியிருந்தார். சைக்கிள் காண்டிலில் ஒரு சீனிச் சாக்கு தொங்கியது. வெளிச்சம் வந்து மான்கள் மேய இறங்குவதற்கு முதல், முதல்நாள் சனம் எறிந்துவிட்டுப் போன சீற் எல்லாவற்றையும் குத்தி எடுத்துச் சாக்கில் போட வேண்டும். அதுதான் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட உத்தியோகம். மழை, காய்ச்சல், தீபாவளி ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் இடுப்பு நிமிர்ந்தது. ஆறு மாதத்தில் எனக்கு மருந்துக் குளிசை கூடியது, அவருக்குக் குறைந்தது. குப்பை பொறுக்கப் போகிற மனிதர் முகத்துக்குப் பவுடர் பூசி, தலையை வகிடெடுத்து இழுத்துத்தான் போவார். "மானும் ஒரு சனம்தானே" என்பார்.

நான் கதிரையில் இருந்துகொண்டு லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். உதவிக்கு ஒருநாளும் எழும்பவில்லை. குறை சொல்வது மட்டும் என் பங்கு. எனக்கு அந்தச் சனத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். கூட்டம் கூடுகிற நாட்களில் மத்தியானமும் போவோம்; அப்போது பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும். கோயிலுக்குப் போய் நெற்றி முழுக்கத் திருநீறு பூசும். திரும்பி வந்து புல்லில் இருந்து தின்னும். தின்ற சீற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையை மட்டும் தண்ணீர்ப் போத்தல் சரித்துச் சுத்தமாகக் கழுவும், பிறகு அந்தப் போத்தலையும் எறியும். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில். ஒருத்தன் அண்ணையின் காலடியில் எலும்பும் சீற்றும் சேர்த்து எறிந்து, "பெரியவர், இதையும் எடுங்கோ" என்றான். ஒரு பெண் அவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்து மிச்சச் சோற்றை நீட்டினாள். அண்ணை சிரித்துக்கொண்டு வாங்கி, சோற்றைக் காகத்துக்கு வைத்து, சீற்றைச் சாக்கில் போட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"ஏன் அண்ணை நாலு கேள்வி கேக்காமல் விட்டனீங்கள்?"

"கேட்டா அவ கோவத்தில சீற்றை எறிஞ்சிருப்பா. இப்ப சாக்குக்குள்ள கிடக்கு."

மான்களில் ஒன்று அவரோடு ஒட்டிக்கொண்டது. நாய் கடித்து ஒரு காது பாதி போன பெட்டை. காதறுந்தாள் என்று பெயர் வைத்தார். சாக்கின் சத்தம் கேட்டால் வந்து நிற்கும். அவர் வீட்டில் இருந்து வாழைப்பழத் தோல் கொண்டுபோவார். அது தின்னும் வரைக்கும் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார், வேறு ஏதும் உள்ளே போகிறதா என்று.

வீட்டில்தான் பிரச்சினை. கஜந்தி கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அவள் வேலை செய்கிற கந்தோரில் யாரோ, "உங்கட அப்பா கோட்டையடியில குப்பை பொறுக்கிறார், வீட்டில ஏதும் கஷ்டமோ?" என்று கேட்டுவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு சசிக்குச் சொன்னாள். சசி கனடாவில் இருந்து வீடியோவில் வந்தான்.

"அப்பா, உங்களுக்கு நான் என்ன குறை வைச்சனான்? ரீவி இருக்கு, ஏசி போட்டுத் தந்தனான். பேசாமல் சந்தோசமா இருங்கோவன்."

"சந்தோசமாத்தான் இருக்கிறன், மகன். நீ சாப்பிட்டியோ?"

சசி விடவில்லை. தகப்பனின் பெயர் கெட்டுப்போய்விட்டது, அதை எடுத்து நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஐப்பசியில் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோட்டையடியில் எழுபத்தைந்து சோற்றுப் பார்சல் அன்னதானம். ஒவ்வொரு பார்சலிலும் அப்பாவின் படம் போட்ட ஸ்டிக்கர், கீழே வாழ்த்து. மாரி மழை தொடங்குகிற காலம் என்றபடியால் தண்ணீர் பட்டாலும் அழியாத பிளாஸ்டிக் ஸ்டிக்கராக அடிக்க வேண்டும் என்று வேறு சொல்லி அனுப்பினான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். தகப்பனுக்குப் பிறந்தநாள் என்றால் ஊரில் யாருக்கோ சோறு போகும், படம் பேஸ்புக்கில் ஏறும்.

வாழ்த்தை எழுத என்னிடம் வந்தார்கள். மூன்று வருடமாகக் கதிரை போட்டு இருந்து லஞ்ச் சீற்றைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் நான். எழுபத்தைந்து பார்சல் என்றால் எழுபத்தைந்து சீற் என்று என் மண்டைக்கு ஏறவில்லை. 'உழைப்பால் உயர்ந்த உத்தமரே' என்று தொடங்கினேன். அடுத்த வரிக்குப் பகலவன் என்ற சொல் கிடைத்தபோது எழும்பி நின்று தண்ணீர் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கு விடிய அண்ணையின் சைக்கிள் பூட்டுத் திறப்பைக் கஜந்தி ஒளித்து வைத்துவிட்டாள். "இண்டைக்கு ஒரு நாள் எனக்காக வீட்டில இருங்கோ அப்பா. உங்களுக்கு ஒரு சப்றைஸ் இருக்கு" என்றாளாம். பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள் என்று அண்ணையும் தலையாட்டிவிட்டார். மூன்று வருடத்தில் அவர் போகாமல் விட்ட முதல் நாள் அதுதான்.

நான் வேட்டி கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, கோட்டையடிக்குப் போனேன். முதல் பார்சலை என் கையால் கொடுக்க வேண்டும் என்பது சசியின் விருப்பம். சமைத்தது எங்கள் ஒழுங்கைக் கமலாதேவி; அவளும் கஜந்தியின் புருசனும் பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். ஏழைகளுக்கு என்று பேச்சு. வாங்கியது பஸ்ஸில் வந்த யாத்திரைக்காரர், தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக. நான் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நீட்டினேன். பார்சலில் அண்ணையும் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே என் வரிகள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு எல்லாரும் லிங்கநகர் திரும்பினோம். அண்ணை பட்டு வேட்டி, சால்வையோடு கேக்கின் முன்னால் இருந்தார். போனில் சசி. அங்கே விடிய நாலரை, கண் வீங்கியிருந்தது. கஜந்தியின் புருசன் தன் போனில் எடுத்த படங்களை மாமனாரிடம் காட்டினான்.

அண்ணை ஒரு படத்தில் நிறுத்தினார். இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"இது எதில கட்டின பார்சல்?"

எனக்கு அந்த நேரம்தான் மண்டைக்குள் விழுந்தது.

"நான் வாழையிலையில கட்டிறன் எண்டுதான் சொன்னனான், அண்ணை" என்றாள் கமலாதேவி. "சசித் தம்பிதான் இலையில ஸ்டிக்கர் ஒட்டாது, சீற்றில கட்டுங்கோ எண்டவர்."

"அப்பா, அது ஒரு சின்ன விசயம். இண்டைக்கு உங்கட நாள்" என்றான் சசி போனுக்குள் இருந்து.

அண்ணை எழும்பினார். "திறப்பைத் தா, பிள்ளை."

"பட்டு வேட்டியோடயோ? சனம் பாக்கும் அப்பா. பார்சலில இருக்கிற ஆள் வந்து பார்சல் பொறுக்கிறார் எண்டு சிரிக்கும்."

"மான் இறங்கீட்டுது. திறப்பைத் தா."

அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கஜந்தி சாமித்தட்டின் பின்னால் இருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தாள். நானும் பின்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மழை தூறிவிட்டிருந்தது. மரத்தடியைப் பார்த்ததும் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினேன். நனைந்த புல் முழுக்கச் சோறும் பருப்பும் மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. அதற்குள் எங்கே பார்த்தாலும் அண்ணையின் முகம். ஒன்றில் செருப்பு அடையாளம். ஒன்றை நாய் நக்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள், சரியாக 'உத்தமரே' என்ற இடத்தில். நான் கொடுத்த முதல் பார்சலும் இதற்குள் எங்கேயோ கிடந்தது. மான்கள் ஏழெட்டு நடுவில் நின்று மேய்ந்தன.

காதறுந்தாள் ஓரமாக நின்றது. வாயில் இருந்து ஒரு சீற் பாதி தொங்கியது. அண்ணை கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். "வா, வா, என்ர தங்கம்" என்று கூப்பிட்டுக்கொண்டு கிட்டப் போனார். அது அவரை அறியும், ஓடவில்லை. சீற்றின் தொங்கலைப் பிடித்து மெல்ல இழுத்தார். மான் தலையை உலுக்கியது. சீற் கிழிந்தது. அவர் கையில் வந்தது வெறும் மூலை. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் உள்ளே போய்விட்டது. கழுத்து வழியாக இறங்குவதை நான் கண்ணால் கண்டேன்.

முப்பத்தேழு வருடம் ஆஸ்பத்திரியில் கழுவித் துடைத்த மனிதர் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கேக், பால், காலையில் தின்ற பொங்கல் எல்லாம் வந்தது. வெறும் வயிறாகியும் ஓங்காளித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அருவருப்பு வந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகு சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு கம்பியை எடுத்தார். இருட்டும் வரைக்கும் பொறுக்கினார். நாற்பத்தொரு சீற். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் குனியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

படங்கள் பேஸ்புக்கில் ஏறின. 'நல்ல பிள்ளை பெற்ற பாக்கியவான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாழ்த்தை எழுதியவர் யார், அருமை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த நாள் ஐந்தே காலுக்கு அண்ணையின் சைக்கிள் மணி என் வீட்டுப் படலையில் கேட்டது. பவுடர், வகிடு, சாக்கு, எல்லாம் வழக்கம் போல. ஒன்று மட்டும் கூடியிருந்தது: பொறுக்கத் தொடங்க முதல் காதறுந்தாளைத் தேடுவார். அசை போடுகிறதா, புழுக்கை போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். "வெளிய தள்ளீடும், தம்பி. சிலதுக்குத் தள்ளும்" என்று தினமும் சொன்னார். பத்து நாள் நன்றாகத்தான் மேய்ந்தது. பிறகு வாழைப்பழத் தோலை மணந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது. வயிறு ஒரு பக்கம் பொருமியது. வைத்தியரிடம் இரண்டு தரம் போனார். அவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய ஏலாது என்று தலையை ஆட்டினார்.

இருபத்திரண்டாம் நாள் காலை, நான் கதிரை விரிக்கிற மரத்தடியில் கிடந்தது. கண்ணில் எறும்பு.

வைத்தியர் வரும் வரைக்கும் அண்ணை இலைக் கொப்பு முறித்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வயிற்றை வெட்டியபோது பந்து வந்தது. நான் இந்த முறை மதிலடிக்கு ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, குந்தி இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பழைய சீற் ஆறு. ஏழாவதை விரித்தபோது அவருடைய முகம் வந்தது. மூலை ஒன்று இல்லை. மற்றபடி நிறம்கூட மங்காமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே நாலு வரி.

அண்ணை அதைக் குழாய்த் தண்ணீரில் இன்னொரு தரம் அலசி, வெளிச்சத்துக்குப் பிடித்து, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அவர் அந்த வாழ்த்தை வாசித்தது அப்போதுதான் முதல் தடவை.

"நல்லா எழுதியிருக்கிறாய், தம்பி" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. "ஒரு எழுத்தும் அழியேல்லை."

அதையும் மற்ற ஆறோடு சேர்த்துச் சாக்கில் போட்டார். முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மதில் பக்கமாக மற்ற மான்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"வா, அந்தப் பக்கமும் கிடக்கு" என்றார்.

நான் கதிரையை மடக்கி மரத்தில் சாய்த்துவிட்டுப் போனேன். என்னிடம் கம்பி இல்லை. முதல் சீற்றைக் கையாலேயே எடுத்தேன். வழுவழுவென்று, புளித்த கறி மணத்தோடு விரலில் ஒட்டியது. இரண்டாவதையும் எடுத்தேன்.